நோயாளி மேடம்

ஜன்னலோர பெஞ்சில் ஒருக்களித்துப் படுத்து, சால்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, அவர் மெதுவாக முனகுகிறார். நாடகத்து முனகல் இல்லை. பக்கத்து அறையில் இருப்பவர்களுக்குத் தொந்தரவாகிவிடக் கூடாதே என்று பாதியிலேயே விழுங்கிவிடுகிற முனகல். மார்பின் மேல் கிடக்கும் கைபேசியிலிருந்து ஒரு பெண்குரல், பாடப்புத்தகம் வாசிப்பதுபோல, காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்கிறது.

"கை வச்சுப் பாத்தா சூடு தெரியலம்மா. ஆனா ஃபேன் போட்டா ஆகல."

"ஆம் அல்லது இல்லை என்று சொல்லவும்" என்கிறது குரல்.

சால்வைக்குள்ளிருந்து ஒரு விரல் வெளியே வந்து காற்றில் குறுக்கே ஒரு கோடு போடுகிறது. எதிரே மடிக்கணினியோடு உட்கார்ந்திருக்கும் மூன்று இளைஞர்களின் முகமும் ஒன்றாக விழுகிறது.

"ஆம், இல்லைன்னு பதில் சொல்ற நோயாளி எங்கயாவது இருந்தா கூட்டிட்டு வாங்க கண்ணுகளா. நான் பாத்ததில்ல" என்றபடி எழுந்து உட்கார்ந்து தலைமுடியைச் சரிசெய்துகொள்கிறார். நோய் போய்விட்டது. அதிகாரி வந்துவிட்டார்.

மருத்துவத்துக்கு என்று சொல்லிக்கொண்டு வரும் எந்தப் புதுப் பொருளும், ஊசியானாலும் கருவியானாலும் இப்போது வருகிற பேசும் இயந்திரமானாலும், அனுமதி தரும் அரசு ஆணையத்தின் கையெழுத்து இல்லாமல் நோயாளி பக்கம் போகக் கூடாது. பெரிய கம்பெனிகள் இதற்கென்றே வக்கீல்களை வைத்திருக்கின்றன. வாடகை அறையில் இரண்டு பேரும் ஒரு மின்விசிறியுமாகத் தொடங்குகிற கம்பெனிகளுக்கு விண்ணப்பத்தின் முதல் பக்கமே பிடிபடாது. அவர்கள் விண்ணப்பம் போடுவதற்கு முன்பே வந்து கேட்கவும், காட்டவும், திட்டு வாங்கவும் ஆணையம் ஓர் அறையைத் திறந்தது. கதவில் ஒட்டியிருக்கும் பெயர் 'புதிய நிறுவனங்கள் ஆலோசனைப் பிரிவு'. மற்ற மாடிக்காரர்கள் வைத்த பெயர் தொட்டில் ரூம். இங்கே தேறி வருகிற பொருளுக்கு ஒரே ஒரு வார்டு, கொஞ்சம் நோயாளிகள், பக்கத்திலேயே ஓர் ஆள் காவல் என்று சின்ன அளவில் ஓட்டிப் பார்க்க அனுமதி கிடைக்கலாம். அதற்குத் தொட்டில் அனுமதி என்று பெயர். "குழந்தை எப்படி இருக்கு, பால் குடிக்குதா?" என்று லிஃப்டில் கேலி செய்வார்கள். "குடிக்குது, குடிக்குது. உங்க மாடில இருக்கிற பெருசுங்கதான் கடிக்குது" என்பார் இவர்.

வருகிறவர்கள் அவருக்கு வைத்த பெயர் நோயாளி மேடம். எந்தப் பொருள் வந்தாலும் காகிதத்தைப் பிறகு பார்ப்பார். முதலில் தானே நோயாளியாகப் படுத்துக்கொள்வார். சால்வை அதற்கென்றே இழுப்பறையில் இருக்கிறது. இருமலில் மட்டும் அவரிடம் பல ரகம் உண்டு. பேசவிடாத இருமல், பேச்சைத் தவிர்க்க இருமும் இருமல், மருமகள் காதில் விழட்டும் என்று இருமும் இருமல். கடைசி ரகத்தை நெஞ்சுச்சளி என்று கண்டுபிடித்த ஒரு இயந்திரத்தை, செய்தவர்களோடு சேர்த்து, வாசல்வரை போய்ச் சிரித்துக்கொண்டே வழியனுப்பிவைத்தார். போகிறபோது ஏன் தப்பு, எதைத் திருத்த வேண்டும், யாரைப் போய்க் கேட்க வேண்டும் என்பதையெல்லாம் சொல்லித்தான் அனுப்பினார். அவர்கள் திரும்பி வந்தார்கள்.

"வேணாம்னு சொல்றதுக்கு வாசல்ல ஒரு செக்யூரிட்டி போதும். எந்த இடத்துல வேணாம், என்ன செஞ்சா வேணும், இத சொல்றதுக்குத்தான் எனக்குச் சம்பளம்" என்பது அவர் அடிக்கடி சொல்கிற வசனம்.

இன்னொரு வழக்கம், செருப்பு. நாற்காலியில் உட்கார்ந்ததுமே கழற்றிவிடுவார். கழற்றுவது என்ன, உதறுவார். ஒன்று மேஜைக்கடியில் நிற்கும், மற்றொன்று அலமாரிவரை போயிருக்கும். ஆணையத் தலைவர் கூப்பிட்டாலும் சரி, தீயணைப்பு ஒத்திகைக்கு மணி அடித்தாலும் சரி, அவர் பரபரத்து எழுந்து யாரும் பார்த்ததில்லை. கால் இரண்டும் நிதானமாகத் தரையைத் துழாவும். "இருங்க, ஜோடி சேரட்டும்" என்பார். ஒத்திகையில் கடைசியாகப் படி இறங்குகிறவர் எப்போதும் அவர்தான்.

கணவர் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அச்சகத்தில் இயந்திரம் ஓட்டியவர். அந்தச் சத்தத்தில் பேசிப் பிரயோஜனமில்லை என்று பேச்சைக் குறைத்தவர், வீட்டுக்கு வந்தும் கூட்டவில்லை. குடலில் அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். தினமும் காலையில் ஆஸ்பத்திரி சார்பில் ஒரு இயந்திரம் கூப்பிட்டு விசாரிக்கும். பெரிய கம்பெனி ஒன்றின் இயந்திரம். ஆணையத்தின் முழு அனுமதி பெற்றது. வலி எப்படி இருக்கிறது என்று அது கேட்டது. "பரவால்ல" என்றார் அவர். "நல்லது, நன்றி" என்று அது வைத்துவிட்டது. ஆஸ்பத்திரித் திரையில் அவர் பெயருக்கு நேரே பச்சைப் புள்ளி விழுந்தது. உள்ளே சீழ் பிடித்திருந்தது. மறுநாள் ஆம்புலன்ஸ் வந்தபோது அதற்குத் தூக்கிப் போவது ஒன்றுதான் வேலையாக இருந்தது.

மேடம் அப்போது எக்ஸ்ரே உரிமப் பிரிவில் இருந்தார். துக்கம் முடிந்து வந்ததும் தொட்டில் ரூமுக்கு மாற்றல் கேட்டார். "போச்சு. இனிமே ஒரு பேசுற மெஷினும் இந்த மாடி ஏறாது" என்று பேசிக்கொண்டார்கள். பழி வாங்கத்தான் வருகிறார் என்று தலைவரே நினைத்தார். அப்படி நடக்கவில்லை. ஏன் நடக்கவில்லை என்பதை மேடம் யாரிடமும் சொன்னதில்லை.

அந்த அழைப்பு வந்த காலையில் மேடம் சமையலறையில் இருந்தார். மதியச் சாப்பாட்டு டப்பாவின் மூடி சரியாக உட்காராமல் அழுத்திக்கொண்டிருந்தார். கணவர் ஃபோனில் சொன்ன "பரவால்ல" அவர் காதிலும் விழுந்தது. அப்பாடா என்று இருந்தது. ஒரு டம்ளர் தண்ணீரைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்துவிட்டு, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு ஆபீசுக்குக் கிளம்பிவிட்டார். பாதி ஆயுள் கூடவே இருந்த காது அது. அந்தக் காதுக்கே கேட்கவில்லை. இயந்திரத்தைக் கூண்டில் ஏற்றினால் பக்கத்தில் தானும் ஏற வேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.

அக்காவும் தம்பியுமாக இருவர் வந்தது அதற்கு அப்புறம். அக்கா, அறுவை சிகிச்சை வார்டில் நர்ஸாக இருந்து வேலையை விட்டவர். தம்பி கம்ப்யூட்டர்காரன். வீட்டுக்கு அனுப்பிய நோயாளிகளைக் கூப்பிட்டு விசாரிக்கும் அதே மாதிரி இயந்திரத்தைத்தான் அவர்களும் செய்திருந்தார்கள். ஆனால் இது பாடப்புத்தகம் வாசிக்கவில்லை, வீட்டு மனுஷிபோலப் பேசியது. மேடம் படுத்துக்கொண்டார். காய்ச்சலைச் சுற்றி வளைத்துச் சொன்னார், புரிந்துகொண்டது. சாப்பாட்டைப் பற்றிக் கேட்டதற்குத் தன் நாத்தனாரைப் பற்றிச் சொன்னார், பொறுமையாகக் கேட்டுவிட்டு மறுபடி சாப்பாட்டுக்கு வந்தது. தம்பி அக்காவைப் பெருமையாகப் பார்த்தான்.

"வலி எப்படி இருக்கு?" என்றது.

"பரவால்ல."

"ரொம்ப சந்தோஷம். நாளைக்குக் கூப்பிடுறேன்."

மேடம் எழுந்திருக்கவில்லை. சால்வை முகத்துக்கு ஏறியிருந்தது. விரலும் வெளியே வரவில்லை. நேரம் போகப் போக அக்காவுக்குப் பழைய வேலை நினைவு வந்துவிட்டது. கிட்டே போய் நெற்றியில் புறங்கையை வைத்தார். "மேடம், நிஜமாவே முடியலையா?"

"பரவால்ல" என்றார் மேடம். பிறகு சால்வையை விலக்கி, "இப்ப சொன்னது எந்தப் பரவால்ல?" என்றார்.

தம்பி விழித்தான். "அகராதில அதுக்கு 'ஓரளவு நல்லா இருக்கு'ன்னுதான் மேடம் போட்டிருக்கு. அதான் நலம் பக்கம் சேத்தேன்."

"எங்க வீட்டு மனுஷன் அகராதி பாத்துப் பேசினதில்ல தம்பி."

அன்றைக்கு ஆலோசனை நேரம் முழுவதும் அந்த ஒரு சொல்லில் போனது. பஸ்ஸில் காலை மிதித்தவனிடம் சொல்கிற பரவாயில்லை ஒன்று. பையன் வாங்கிவந்த மார்க்கைப் பார்த்துச் சொல்வது ஒன்று. தேநீரைச் சட்டையில் கொட்டிய விருந்தாளியிடம் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வது ஒன்று. இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்றால் வேண்டாம் என்பதற்கு ஒன்று. உனக்கு எதற்குச் சிரமம், என்னை விடு என்பதற்கு ஒன்று. எழுத்தில் எல்லாம் ஒன்றுதான். மேடம் ஒவ்வொன்றாகச் சொல்லிக் காட்டினார். கடைசி ஒன்றைச் சொல்லும்போது 'வா' கொஞ்சம் நீண்டு, 'ல்ல' இறங்கிப்போய், மூச்சு மட்டும் மிஞ்சியது. அக்கா தலையை அசைத்தார். அந்தப் பரவாயில்லையை வார்டில் கேட்டவர் அவர்.

"நான் அன்னிக்கே சொன்னேன் மேடம் இவன்கிட்ட" என்றார்.

"நீ தினம் நாப்பது விஷயம் சொல்ற. அதுல எது உசுரு, எது ஊறுகான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"எல்லாம் உசுருதான், எருமை. மேடம், வலிக்குதான்னு கேட்டா ஆம்பளைங்க பொய் சொல்லுவாங்க. பொம்பளைங்க அதவிட நல்லா சொல்லுவாங்க. அதனால நாங்க வலிய கேக்கவே மாட்டோம். என்ன செஞ்சீங்கன்னு கேப்போம். எழுந்து பாத்ரூம் போனீங்களா, தண்ணி நீங்களே எடுத்துக் குடிச்சீங்களான்னு. அதுல பொய் சொல்ல வராது."

"அப்ப அத கேக்கச் சொல்லுங்க" என்றார் மேடம். சால்வையை மடித்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னார்: "பதில் வரலைன்னா?"

"வரலைன்னா..."

"சந்தோஷம்னு வச்சிடக் கூடாது."

திருத்திக்கொண்டு வந்தார்கள். இப்போது பரவாயில்லை என்று கேட்டால் இயந்திரம் சும்மா விடுவதில்லை. இரண்டாம் கேள்வி ஒன்று கேட்கிறது. பதில் இல்லையென்றால் இன்னொரு முறை கேட்கிறது. அப்போதும் பதில் இல்லையென்றால் காவலுக்கு இருக்கும் நர்ஸின் கைபேசிக்கு அடிக்கிறது. ஓர் ஆள் எடுத்து, போய்ப் பார்க்கிறேன் என்று சொல்லும்வரை அடித்துக்கொண்டே இருக்கிறது.

மேடம் கோப்பைத் தலைவரிடம் கொண்டுபோனார். தலைவர் கெட்டவர் இல்லை. எப்போதோ ஒரு விசாரணையில் சிக்கி மீண்டவர். அதிலிருந்து பேனா மூடியைத் திறப்பதற்குள் பத்து முறை யோசிப்பார். "லேட்டாச்சுன்னு யாரும் ஜெயிலுக்குப் போனதில்லம்மா" என்பார்.

"சார், இவங்க ஓட்டிப் பாக்கக் கேட்டிருக்கிற வார்டுக்கு அடுத்த மாசத்துலேர்ந்து மெஷின் வச்சே ஆகணும்னு ஆஸ்பத்திரி முடிவு பண்ணியாச்சு. இவங்க அனுமதி வரலைன்னா அந்தப் பெரிய கம்பெனியோட பழைய மெஷினத்தான் வைப்பாங்க."

"அதுமேல உள்ள புகாரெல்லாம் விசாரணைல இருக்கே."

"இருக்கு சார். அதுபாட்டுக்கு இருக்கு. மெஷினும் அதுபாட்டுக்குக் கூப்பிட்டுட்டு இருக்கு."

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எல்லாம் நீங்க நடிச்ச குரல். ஆபீஸ் ஆளுங்க நடிச்ச குரல். நிஜமா வலில சொன்ன பரவால்ல அதுக்குக் கேக்குமா? அத எனக்குக் காட்டுங்க. நான் தொட்டில்ல போடுறேன்." அது நியாயமான கேள்விதான்.

நிஜக் குரல்களை ஆஸ்பத்திரி தராது. நோயாளியின் குரல் நோயாளியுடையது; அந்த விதியை எழுதிய குழுவில் மேடமும் இருந்தார். ஆணையத்திடம் கொஞ்சம் இருந்தன: பழைய இயந்திரத்தின்மேல் புகார் கொடுத்த குடும்பங்கள் ஆதாரமாக அனுப்பிய அழைப்புப் பதிவுகள். விசாரணைக்கு மட்டும் என்று பூட்டிக் கிடந்தன. குடும்பம் சம்மதித்தால் வேறு உபயோகத்துக்கு எடுக்கலாம். "கேக்கலாம். வற்புறுத்தக் கூடாது" என்றார் தலைவர்.

சாப்பாட்டு இடைவேளையில், கதவைச் சாத்திக்கொண்டு, மேடம் ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டார். ஓர் அதிகாரி பார்க்கிற வேலையே இல்லை இது. இறந்தவர்களின் வீட்டுக்கு ஃபோன் போட்டு, உங்கள் அப்பாவின் கடைசிப் பேச்சை ஒரு புதுக் கம்பெனிக்குக் கொடுப்பீர்களா என்று கேட்க எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்லித் தருவதில்லை. சிலர் கேட்டு முடிப்பதற்குள் வைத்துவிட்டார்கள். ஒருவர், விசாரணை முடிந்துவிட்டது என்று நினைத்து ஆவலாக எடுத்து, இல்லை என்று தெரிந்ததும், எப்போது முடியும் என்றே திரும்பத் திரும்பக் கேட்டார். ஒரு பெண், "அண்ணன் குரல இன்னொரு தடவ கேக்குற தைரியம் எனக்கு இல்லீங்க. நீங்க கேட்டுக்கோங்க. என்னைக் கூப்பிடாதீங்க" என்று சம்மதித்தார். இப்படிக் கொஞ்சம் சேர்ந்தது.

ஒருவர் மட்டும் சத்தம் போட்டார். மனைவியை இழந்தவர்.

"எந்த மெஷின் அவளக் கொன்னுச்சோ, அதே மாதிரி இன்னொண்ணுக்கு அவ குரலப் போட்டு வளக்கணும். அதானே? கவர்மெண்டு இதுக்குத்தான் இருக்குதா?"

"இல்லீங்க. இது மறுபடி அந்தத் தப்பப் பண்ணாம இருக்க..."

"சும்மா இருங்கம்மா. உங்க வீட்ல ஒரு சாவு விழுந்திருந்தா, நீங்க குடுப்பீங்களா?"

"ம்."

"ம்-ன்னா என்னா அர்த்தம்? குடுப்பேன்னா, குடுக்க மாட்டேன்னா, கேட்டுக்கிட்டு இருக்கேன்னா?"

எதிர்முனையில் அவர் கொஞ்சம் காத்திருந்துவிட்டு வைத்துவிட்டார். டப்பாவில் சாப்பாடு ஆறிக்கிடந்தது. அதை அப்படியே மூடினார். மூடி ஒரே அழுத்தில் உட்கார்ந்துகொண்டது.

கணவரின் அந்த அழைப்பும் பூட்டியவற்றில் ஒன்று. புகார் கொடுத்தது மகள். மகள் பல் மருத்துவர் ஒருவரிடம் உதவியாளராக இருக்கிறாள், அம்மாவோடுதான் இருக்கிறாள். அழைப்பின் பிரதி அவள் கைபேசியில் இருக்கிறது. எப்போதாவது, காதில் செருகிக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்து கேட்பாள். கல்யாண வீட்டு வீடியோக்களில்கூடக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுகிற மனிதர் என்பதால், அப்பா குரல் என்று அந்த வீட்டில் இருப்பது அந்த அழைப்பு ஒன்றுதான். மேடம் அதை ஒருமுறையும் கேட்டதில்லை. கேட்க வேண்டிய அன்றைக்கே கேட்டாயிற்று.

துணி மடிக்கும்போது மகளிடம் பேச்செடுத்தார்.

"அந்த அக்கா தம்பி மெஷினுக்கு நிஜக் குரல் வேணுமாம்."

"வேணும்னா போய் எங்கயாவது பொறுக்கிக்கட்டும்."

"அப்பாது..."

மகள் போர்வையின் தன் பக்கத்து முனைகளைக் கீழே விட்டாள். "அம்மா. அப்பாவக் கூப்பிட்ட மெஷினோட தங்கச்சிய நீ ஆபீஸ்ல மடில போட்டுக் கொஞ்சிட்டு இருக்க. அதையே நான் வாய மூடிட்டுப் பாத்துட்டு இருக்கேன். இப்ப அப்பாவையும் தூக்கி அது வாய்ல போடணுமா?"

"இது ரெண்டாவது கேள்வி கேக்கும்டி."

"கேட்டு? அப்பா வந்துடுவாரா?"

"மாட்டாரு."

"நம்மகிட்ட இருக்கறது அது ஒண்ணுதாம்மா."

"தெரியும்."

மகள் குனிந்து போர்வை முனைகளை எடுத்தாள். இருவரும் சேர்ந்து மடித்தார்கள். "நீயும் வீட்ல தானே இருந்த அன்னிக்கு?" என்று கேட்டாள் மகள், கேட்கக் கூடாது என்று இத்தனை நாள் வைத்திருந்ததை. "நீ ஏன் ரெண்டாவது கேள்வி கேக்கல?"

மேடம் போர்வையை அலமாரியில் வைத்தார். மற்ற துணிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார். மகள் அறையைச் சாத்திக்கொண்டாள். அடுத்த நாள் காலை, பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தபோது மேடத்தின் கைபேசி அதிர்ந்தது. மகளிடமிருந்து அந்த அழைப்பின் பதிவு வந்திருந்தது. கீழே ஒரு சொல்லும் இல்லை.

தலைவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, திறந்திருந்த கோப்பை மூடிவைத்தார். "உங்க வீட்டுக் குரல் உள்ள வந்துச்சுன்னா, நீங்க இந்தக் கோப்புல கையெழுத்துப் போட முடியாதும்மா. கருத்தும் சொல்ல முடியாது. முழுசா விலகிடணும். தெரியும்ல?"

"நான்தானே சார் அந்த விதிய எல்லாருக்கும் வகுப்பெடுக்குறேன்."

"மத்த குரல வச்சே பாத்துக்கலாமே. நீங்க உள்ள இருந்தா அந்தப் பசங்களுக்கு ஒரு பலம்."

"மத்தவங்க வீட்டுக் குரலக் கேட்டு வாங்கிட்டேன் சார்" என்றார் மேடம். கோப்பு அவர் கையைவிட்டுப் போனது. இனி முடிவு, பேனா மூடியைத் திறக்கப் பத்து முறை யோசிப்பவரின் முடிவு.

சோதனை தொட்டில் ரூமிலேயே நடந்தது. தலைவர் மேடத்தின் நாற்காலியில் உட்கார்ந்தார். மேடம் விண்ணப்பதாரர்களும் பார்வையாளர்களும் உட்காரும் வரிசையில், சுவரோரமாக. அங்கேயும் செருப்பை உதறிவிட்டுத்தான் உட்கார்ந்தார். ஒன்று தலைவரின் மேஜைக்கடியில் போய் விழுந்தது. பெஞ்சு காலியாக இருந்தது. அதன்மேல், மேடம் எப்போதும் தலை வைக்கிற இடத்தில், ஒரு சின்ன ஒலிபெருக்கி. இயந்திரம் கேட்கும், பதிவில் நோயாளி சொன்ன சொல்லை ஒலிபெருக்கி சொல்லும், அதற்கு மேல் அதனிடம் பதில் எதுவும் கிடையாது. நர்ஸாக அக்கா, கையில் கைபேசியோடு.

முதல் குரல் ஓர் ஆண்குரல். "பரவாயில்லைங்க." இயந்திரம் இரண்டாம் கேள்வி கேட்டது. மௌனம். மறுபடி கேட்டது. அக்காவின் கைபேசி அடித்தது. அக்கா எடுத்து, போய்ப் பார்க்கிறேன் என்று சொல்லி வைத்தார். இப்படியே வரிசையாகப் போனது. ஒரு கிழவியின் குரல் மட்டும், சிரித்துக்கொண்டே "பரவால்ல கண்ணு, நீ சாப்டியா?" என்று கேட்டதில் இயந்திரம் ஏமாந்து, சந்தோஷம் என்று வைத்துவிட்டது. தம்பி கண்ணை மூடிக்கொண்டான். தலைவர் எதையோ எழுதினார். "பச்சைன்னு வர்றதையும் ஒரு ஆள் கேக்கணும். அது இல்லாம முடியாது" என்றார். வாய் திறக்கும் உரிமை மேடத்துக்கு இல்லை.

"கடைசி ஒண்ணு" என்றான் தம்பி. யாருடையது என்று அவனுக்குத் தெரியும். மேடத்தைப் பார்க்காமல் பொத்தானை அழுத்தினான்.

"வணக்கம் ஐயா. ஆஸ்பத்திரிலேர்ந்து பேசுறேன். வலி எப்படி இருக்கு?"

"பரவால்ல" என்றார் கணவர்.

சொல்லுக்குப் பின்னால், மிகத் தொலைவில், ஏதோ பாத்திர மூடியை அழுத்துகிற சத்தமும் பதிவாகியிருந்தது.

"சரி ஐயா. காலைல எழுந்திருச்சு தண்ணி நீங்களே எடுத்துக் குடிச்சீங்களா, இல்ல யாராவது எடுத்துக் குடுத்தாங்களா?"

ஒலிபெருக்கி பேசவில்லை. எத்தனையோ நோயாளிகளின் பதிலைப் பெஞ்சில் படுத்துச் சொன்ன மேடத்தின் உதடு அசைந்து, நின்றது.

"அவசரமில்ல ஐயா. நான் இருக்கேன். மெதுவா சொல்லுங்க. தண்ணி யாராவது எடுத்துக் குடுத்தாங்களா?"

தலைவரின் பேனா மூடியோடு கையில் இருந்தது. தம்பி ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். அக்காவின் கைபேசி அடிக்கத் தொடங்கியது. அதுவரை ஒவ்வொரு முறையும் உடனே எடுத்தவர், இந்த முறை அதைக் கையில் வைத்துக்கொண்டு, எடுக்கவா வேண்டாமா என்று மேடத்தின் பக்கம் திரும்பினார்.

மேடம் அவரைப் பார்க்கவில்லை. நாற்காலியின் விளிம்புக்கு வந்திருந்தார். புடவைக் கரைக்குக் கீழே அவருடைய இரண்டு கால்களும் செருப்பைத் தேடித் தரையில் அங்குமிங்கும் வேகவேகமாகத் துழாவிக்கொண்டிருந்தன.